பிரைமரியில் குதிக்குமுன்: எஃப்.இ.சி. தளம், வோட்பில்டர், ஆக்ட்புளூ – மூன்று சேவைகள், ஒரு மதிப்புரை

அமெரிக்காவில் நகர மன்றத்திலோ மாநில சட்டமன்றத்திலோ பெயர் எடுத்துவரும் ஒருவருக்கு, தன் கட்சிக்காரரே உட்கார்ந்திருக்கும் நாடாளுமன்றத் தொகுதியில் பிரைமரிக்கு, அதாவது கட்சியின் வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலுக்கு, நிற்கும் ஆசை வந்தால், அது அவர் வீட்டாருக்குத் தெரியும் முன்பே ஆலோசகர்களுக்குத் தெரிந்துவிடும். வந்து உட்கார்ந்து "தாராளமாக நில்லுங்கள்" என்பார்கள். நிற்காவிட்டால் அவர்களுக்கு மாதச் சம்பளம் ஏது?

நம் ஊரில் விருப்ப மனு, நேர்காணல், தலைமையின் கையெழுத்து என்று முடிகிற விஷயம் அங்கே வாக்காளர் கையில் இருக்கிறது. அதனால் "நிற்கலாமா" என்பதற்கு விடையும் வாக்காளர், பணம், நாள்காட்டி ஆகிய மூன்றில்தான் கிடைக்கும். அதை எடுத்துக் கொடுக்கும் மூன்று சேவைகளை இங்கே பார்க்கிறோம்: கூட்டாட்சித் தேர்தல் ஆணையமான எஃப்.இ.சி.யின் இணையதளம், ஜனநாயகக் கட்சியின் வாக்காளர் பட்டியல் மென்பொருளான வோட்பில்டர், நன்கொடை வாங்கும் தளமான ஆக்ட்புளூ. குடியரசுக் கட்சிக்காரர்களுக்கு ஆக்ட்புளூவின் இடத்தில் 2019-ல் வந்த வின்ரெட் இருக்கிறது. பட்டியலுக்கு டேட்டா டிரஸ்ட், ஐ360 என்று வேறு கடைகள். கணக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

பெரும்பாலானவர்கள் இந்த மூன்றையும் தலைகீழ் வரிசையில் வாங்குகிறார்கள். முதல் நாளே ஆக்ட்புளூ பக்கம் திறந்து பணம் கேட்பார்கள். இரண்டு மாதம் கழித்து பட்டியலுக்கு அலைவார்கள். எதிராளியின் கணக்கை ஆணையத் தளத்தில் பார்ப்பது எல்லாம் முடிந்த பிறகு. எங்கள் பரிந்துரை நேர் எதிர்: முதலில் ஆணையத் தளம், அடுத்து பட்டியல், கடைசியில்தான் பணப்பெட்டி.

எஃப்.இ.சி. தளம்: காசில்லாமல் கிடைப்பதில் இதுதான் உருப்படி

தேடல் பெட்டியில் பதவியில் இருப்பவரின் பெயரை அடித்தால் மொத்த வரவு, மொத்தச் செலவு, கையிருப்பு, கடன் என்று நான்கு எண்கள் வரும். கையிருப்பைப் பார்த்தவுடன் மலைத்துப்போய்த் திரும்பி வருபவர்கள் நிறையப் பேர். அது அவசரம்.

ஒரு தனிநபர் ஒரு வேட்பாளருக்கு ஒரு தேர்தலுக்குக் கொடுக்கக்கூடிய உச்சவரம்பு 2025-26 சுற்றில் 3,500 டாலர். பிரைமரி ஒரு தேர்தல், நவம்பர் பொதுத்தேர்தல் இன்னொன்று. ஆகவே 7,000 டாலர் காசோலை தந்தவரின் பணத்தில் பாதியைப் பிரைமரியில் செலவு செய்ய முடியாது. பழைய உறுப்பினர்களுக்கு இப்படி முழு வரம்பும் தருகிறவர்கள் அதிகம். தளத்தில் காட்டும் கையிருப்பு இரண்டையும் சேர்த்தே காட்டும். பிரித்துப் பார்க்க, தனித்தனி நன்கொடைகளின் பட்டியலைத் திறந்து கோப்பாக இறக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரியிலும் தேர்தலைக் குறிக்கும் ஒரு பத்தி இருக்கும்: பி2026 என்றால் பிரைமரி, ஜி2026 என்றால் பொதுத்தேர்தல். ஜி வரிகளைக் கூட்டி, கையிருப்பிலிருந்து கழியுங்கள். அப்போதுதான் உங்கள் மேல் பாயப்போகும் பணம் எவ்வளவு என்று தெரியும். முந்தைய சுற்றுகளில் மிஞ்சிய பணத்துக்கு இந்தப் பிரிவினை கிடையாது. அது முழுக்கவே உங்களுக்கு எதிராக இறங்கும்.

செலவுப் பட்டியலையும் விடாதீர்கள். கடந்த நான்கு ஆண்டுகளில் தபால், தொலைபேசி, களப்பணியாளர் சம்பளம் என்று எதுவும் இல்லாமல், நிதி திரட்டும் விருந்துக்கும் ஆலோசகர் கட்டணத்துக்கும் மட்டும் பணம் போயிருந்தால், அந்த உறுப்பினர் தொகுதியில் தூங்குகிறார் என்று பொருள். கையிருப்பு எண்ணைவிட இந்த அறிகுறியை நாங்கள் அதிகம் நம்புவோம்.

உங்கள் சொந்த விதிகளும் இதே தளத்தில்தான் இருக்கின்றன. வேட்பாளர் ஆகாமலே ஆழம் பார்க்க சட்டம் இடம் தருகிறது. கருத்துக்கணிப்பு எடுக்கலாம், பயணம் போகலாம், தொலைபேசியில் ஆட்களைக் கேட்கலாம். அதற்கான பணமும் அதே உச்சவரம்புக்குள் வந்திருக்க வேண்டும், ரசீதுகளை வைத்திருக்க வேண்டும். ஆனால் தன்னை வேட்பாளர் என்று சொல்லிக்கொண்டாலோ, பொது விளம்பரம் கொடுத்தாலோ, வாக்குச்சீட்டில் இடம்பெறக் கையெழுத்து வாங்கத் தொடங்கினாலோ அந்தச் சலுகை முடிந்தது. நிற்பதென்று முடிவாகி, வரவோ செலவோ 5,000 டாலரைத் தாண்டிய நாளிலிருந்து 15 நாளுக்குள், வேட்பாளர் என்று அறிவிக்கும் படிவம் 2. அதிலிருந்து 10 நாளுக்குள், பிரச்சாரக் குழுவைப் பதியும் படிவம் 1. இந்த இரண்டு தேதிகளையும் தவறவிட்டால், எதிராளி தரப்பு முதலில் வெளியிடும் பத்திரிகைச் செய்தி அதுவாகத்தான் இருக்கும்.

மாநில சட்டமன்றத்திலிருந்து வருபவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. மாநிலத் தேர்தல் கணக்கில் சேர்த்து வைத்த பணத்தை நாடாளுமன்றத் தேர்தல் கணக்குக்கு மாற்ற முடியாது. ஒரு டாலர்கூட. ஆனால் நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் அவைக்கான கணக்கிலிருந்து மேலவையான செனட்டுக்கான கணக்குக்கு எவ்வளவு வேண்டுமானாலும் மாற்றலாம். 2025-ல் இல்லினாய் செனட் இடத்துக்கு இறங்கிய, அப்போது பிரதிநிதிகள் அவை உறுப்பினரான ராஜா கிருஷ்ணமூர்த்தி போன்றவர்கள் முதல் நாளே பெரும் கையிருப்போடு நிற்பதும், அதே தேர்தலுக்கு மாநிலப் பதவியிலிருந்து வருகிறவர்கள் வெறுங்கையோடு தொடங்குவதும் இதனால்தான்.

வேலையை விட்டுவிட்டு நிற்க வேண்டியவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. 2024 மார்ச் 1 முதல், வேட்பாளர் தன் பிரச்சாரக் கணக்கிலிருந்தே சம்பளம் எடுக்கும் விதி தளர்ந்திருக்கிறது. பிரதிநிதிகள் அவை உறுப்பினரின் ஆண்டுச் சம்பளம் 1,74,000 டாலர். அதில் பாதி, அல்லது அவருடைய முந்தைய ஐந்தாண்டு வருமானத்தின் சராசரி, இரண்டில் எது குறைவோ அது. முன்பெல்லாம் வேட்புமனுவின் கடைசித் தேதி வரும்வரை காத்திருக்க வேண்டும். இப்போது படிவம் 2 கொடுத்த நாளிலிருந்தே எடுக்கலாம்.

தளத்தின் குறைகளுக்கு வருவோம். காலாண்டு அறிக்கை என்பதால் ஜனவரியில் வந்த பணம் ஏப்ரல் 15-ல்தான் தெரியும். புதிதாகத் தாக்கலான அறிக்கை வழக்கமான தேடலில் உடனே வராது. "மூல அறிக்கைகள்" பகுதியில் தனியாகத் தேட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், வேட்பாளர் பக்கத்தை மட்டும் பார்த்துத் திருப்திப்பட்டுவிட்டால், வெளி அமைப்புகள் தங்கள் பொறுப்பில் செய்யும் செலவு கண்ணில் படாது. அதற்கான தேடல் வேறு இடத்தில் இருக்கிறது. 2024-ல் நியூயார்க் 16-வது தொகுதியில் பதவியில் இருந்த ஜமால் போமன் தோற்ற பிரைமரியில் யுனைடெட் டெமாக்ரசி பிராஜெக்ட் என்ற ஒரே அமைப்பு 1.4 கோடி டாலருக்கு மேல் இறக்கியது. அப்படி ஒரு பணம் வரப்போகிறதா என்று எந்தத் தளமும் முன்கூட்டிச் சொல்லாது. வந்தபின் எவ்வளவு என்று மட்டும் சொல்லும்.

சந்தேகம் கேட்க இலவசத் தொலைபேசி உதவி உண்டு, பொறுமையாகவே பதில் சொல்வார்கள். எழுத்துமூலமான ஆலோசனைக் கருத்து வேண்டுமென்றால் ஆணையர்கள் போதுமான எண்ணிக்கையில் இருக்க வேண்டும். 2025-ல் கோரம் இல்லாமல் போனபோது அந்த வேலையே நின்றது.

வோட்பில்டர்: சாவி யார் கையில்?

இந்த மதிப்புரையை எழுதக் காரணமே இதுதான். 2001-ல் தொடங்கிய வோட்டர் ஆக்டிவேஷன் நெட்வொர்க்கும் என்.ஜி.பி. என்ற நிதிக்கணக்கு மென்பொருள் நிறுவனமும் 2010-ல் இணைந்து என்.ஜி.பி. வேன் ஆனது. களத்தில் எல்லாரும் சுருக்கமாக "வேன்" என்பார்கள். 2021-ல் ஏபேக்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம் அதை வாங்கியது. இன்று போன்டெரா என்ற குழுமத்தின் கீழ் இருக்கிறது. ஜனநாயகக் கட்சி தன் வாக்காளர் பட்டியலை அதில் ஏற்றி வோட்பில்டர் என்ற பெயரில் தருகிறது. மென்பொருள் நிறுவனத்துடையது, பட்டியல் மாநிலக் கட்சியுடையது. இந்த ஒரு வரியை நன்றாக மனதில் வாங்கிக்கொண்டு மேலே படியுங்கள்.

உள்ளே போனால் தொகுதியின் ஒவ்வொரு வாக்காளருக்கும் ஒரு பக்கம். முகவரி, வயது, கட்சிப் பதிவு, எந்தெந்தத் தேர்தலில் வாக்களித்தார், முன்பு கதவைத் தட்டியவர்களிடம் என்ன சொன்னார் என்பதெல்லாம் இருக்கும். யாருக்கு வாக்களித்தார் என்பது மட்டும் இருக்காது. அது ரகசியம். ஆதரவை 1 முதல் 5 வரை குறிப்பார்கள்: 1 உறுதியான ஆதரவு, 5 உறுதியான எதிர்ப்பு. 3 போட்ட பெயர்கள்தான் கடைசி இரண்டு வாரத்தின் வேலை.

"நிற்கலாமா" என்பதற்கு இதில் எடுக்க வேண்டியது மூன்று எண்கள். முதலில் தொகுதியில் உங்கள் கட்சியில் பதிவானவர்கள் எத்தனை பேர். அடுத்து, கடந்த மூன்று பிரைமரிகளில் இரண்டிலாவது வாக்களித்தவர்கள். மூன்றாவது, ஒன்றில் மட்டும் வாக்களித்தவர்கள். முதல் எண் பிரமாண்டமாக இருக்கும், அதைப் பார்த்து மயங்கக்கூடாது. இரண்டாவதுதான் உண்மையான ஊர்.

2018 ஜூனில் நியூயார்க் 14-வது தொகுதிப் பிரைமரியை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து முறை வென்ற ஜோ க்ரௌலிக்கு 12,880 வாக்குகள், அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸுக்கு 16,898. இருவரும் சேர்ந்தே முப்பதாயிரம் வரவில்லை. வெற்றிக்கு 14,890 பேர் போதும். ஏழு லட்சம் மக்கள் வாழும் அளவுள்ள ஒரு நாடாளுமன்றத் தொகுதியைப் பதினைந்தாயிரம் பேர் முடிவு செய்கிறார்கள் என்றால், தொலைக்காட்சி விளம்பரத்தைவிடக் கால் செருப்பு தேய்வதற்கு மதிப்பு அதிகம்.

அந்தத் தேய்மானத்தையும் கணக்குப் போட்டுவிடலாம். ஒருவர் மணிக்கு 15 கதவுகள் தட்டுவார் என்று வையுங்கள், நெருக்கமான தெருவில் 20 வரை போகும். நாலில் ஒரு கதவு திறந்தாலே நல்ல நாள். 10,000 வீடுகளை ஒருமுறை சுற்றிவர 667 மணி நேரம். பூட்டிய வீடுகளுக்காக மூன்று சுற்று போனால் 2,000 மணி நேரம். தொண்டர் ஒருவர் ஒரு தடவைக்கு மூன்று மணி நேரம்தான் தருவார். ஆக 667 முறை. 20 வாரப் பிரச்சாரத்தில் வாரத்துக்கு 33 முறை. இன்றைய தேதியில் வாரம் 33 முறை ஆள் வருமா? சொந்தக்காரர்களையும் கல்லூரி நண்பர்களையும் கழித்துவிட்டு எண்ணுங்கள். வாக்குறுதி தந்தவர்களில் பாதிப் பேர்தான் வருவார்கள் என்பது களத்தில் எல்லாருக்கும் தெரிந்தது. ஆகவே 66 பெயர்கள் கையில் இருக்க வேண்டும்.

கைபேசிச் செயலியான மினிவேன் நன்றாகவே வேலை செய்கிறது. வழக்கமாகக் கெடுவது இரண்டு இடங்களில். வேலை முடிந்ததும் தொண்டர் தகவலை மேலே அனுப்பும் பொத்தானை அழுத்த மறந்துவிட்டு, செயலியிலிருந்து வெளியேறிவிடுவார். ஒரு மாலையின் உழைப்பு போயிற்று. பொறுப்பாளர் திரும்பி வரும் ஒவ்வொருவரின் கைபேசியையும் வாங்கி, தானே அழுத்திவிட்டுத் தேநீர் கொடுப்பது ஒன்றே மருந்து. இரண்டாவது, வாசல் பூட்டிய அடுக்குமாடிகள். பட்டியலில் 200 பெயர் ஒரே முகவரியில் இருக்கும், பார்க்க லட்டு மாதிரி. உள்ளே விடமாட்டார்கள். தெருக்களைப் பிரிக்கும்போதே அடுக்குமாடிகளைத் தனிப் பட்டியலாக எடுத்து, அங்கே குடியிருக்கும் ஒருவரைப் பிடித்த பிறகுதான் ஆள் அனுப்ப வேண்டும்.

நம்மவர்கள் நிறைந்த தொகுதிகளில் இன்னொரு கோளாறு. பெயரை வைத்து வாக்காளரின் இனத்தை ஊகிக்கும் முறை பெரும்பாலும் குடும்பப் பெயர்ப் பட்டியலை நம்பியிருக்கிறது. தமிழ் வீடுகளில் அப்பாவுக்கு ஒரு கடைசிப் பெயர், மகளுக்கு அப்பாவின் பெயர், மனைவிக்கு அவருடைய அப்பாவின் பெயர். போதாக்குறைக்கு முன்பின் மாறிய பெயர்கள், ஒற்றை எழுத்து இனிஷியல்கள். "இந்திய வம்சாவளி" என்று வடிகட்டினால் படேல்களும் ஷர்மாக்களும் வரிசையாக வருவார்கள். நம்மவர்களில் பலர் நழுவிவிடுவார்கள். கோயில், தமிழ்ச் சங்கத் தொடர்புகளை வைத்துக் கையால் தேடிக் குறியிடுவதைத் தவிர வழியில்லை.

மாநிலத்துக்கு மாநிலம் பட்டியலின் தரமும் மாறும். நியூயார்க்கில் பிரைமரி மூடிய கதவு: கட்சியில் பதிவானவர் மட்டும் வாக்களிக்கலாம், அதனால் பட்டியல் கச்சிதம். இல்லினாயில் கட்சிப் பதிவே கிடையாது. பிரைமரியில் எந்தக் கட்சியின் வாக்குச்சீட்டைக் கேட்டு வாங்கினார் என்பதுதான் பதிவாகும். மாசசூசெட்ஸில் எந்தக் கட்சியிலும் சேராதவர்கள் பாதிக்கும் மேல், அவர்கள் எந்தப் பிரைமரியிலும் வாக்களிக்கலாம். அங்கே பட்டியலைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவது ஆபத்து.

சாவி விஷயம். பட்டியலை யாருக்கு, என்ன விலைக்குத் தருவது என்பது மாநிலக் கட்சியின் விருப்பம். விலை மாநிலத்துக்கும் பதவிக்கும் ஏற்ப மாறும். பதவியில் இருப்பவரை எதிர்ப்பவருக்குத் தரமாட்டோம் என்று சொன்ன மாநிலங்களும் உண்டு. 2016-ல் புளோரிடாவில், அப்போது தேசியக் கட்சியின் தலைவராகவே இருந்த டெபி வாசர்மேன் ஷுல்ட்ஸை எதிர்த்து நின்ற டிம் கனோவாவுக்குப் பட்டியல் மறுக்கப்பட்டது. விஷயம் வெளியே வந்து சத்தம் எழுந்த பிறகுதான் மனம் மாறினார்கள். அதற்கு முந்தைய டிசம்பரில், கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் போட்டியின்போது, ஒரு அணியின் தகவலை இன்னொரு அணி பார்க்காதபடி மென்பொருளில் இருந்த தடுப்புச்சுவர் சற்று நேரம் விழுந்து, பெர்னி சாண்டர்ஸ் தரப்பு ஊழியர்கள் ஹிலாரி கிளின்டன் தரப்புத் தகவலைப் பார்த்துவிட்டார்கள் என்று தேசியக் கட்சி சாண்டர்ஸ் அணியின் அனுமதியையே முடக்கியது. அவர்கள் நீதிமன்றம் போனார்கள், உடனே திரும்பக் கிடைத்தது. ஊழியர்கள் செய்தது தப்புதான். ஆனால் அந்தப் போட்டியின் முதல் வாக்களிப்பான அயோவா தேர்தலுக்கு ஏழு வாரம்கூட இல்லாத நேரத்தில் ஒரு அணியின் மொத்தக் களப்பணியையும் ஒரு பொத்தானில் நிறுத்த முடியும் என்று அன்று எல்லாரும் பார்த்துவிட்டார்கள்.

ஆகவே நிற்பதாக அறிவிக்கும் முன்பே மாநிலக் கட்சிக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். பதில் வரும் வேகமே ஒரு தகவல். ஒரு வாரத்தில் விலைப்பட்டியலும் ஒப்பந்தமும் வந்தால் கட்சி ஒதுங்கி நிற்கிறது. மூன்று வாரம் "பரிசீலிக்கிறோம்" என்றால் உங்கள் எதிராளி ஒருவர் இல்லை, இரண்டு பேர். 2019-ல் ஜனநாயகக் கட்சியின் நாடாளுமன்றப் பிரச்சாரக் குழு, பதவியில் இருப்பவர்களை எதிர்ப்பவர்களுக்கு வேலை செய்யும் நிறுவனங்களுக்கு எங்கள் வேலை கிடையாது என்று வெளிப்படையாகவே அறிவித்தது. 2021-ல் கைவிட்டார்கள். விதி போனாலும் அச்சம் போய்விட்டது என்று சொல்ல மாட்டோம்.

மறுத்தால் மாற்று உண்டு. வட கரோலினா, ஒஹாயோ மாநிலங்களில் தேர்தல் அலுவலகமே வாக்காளர் கோப்பை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. மற்ற மாநிலங்களில் மனுப் போட்டு வாங்கலாம். எல்2 போன்ற நிறுவனங்கள் சீர்செய்த பட்டியலை விற்கின்றன. கலிபோர்னியாவில் பி.டி.ஐ. என்ற சேவை பலருக்குப் பழக்கமானது. இவற்றில் கிடைக்காதது, கட்சி பல ஆண்டுகளாகக் கதவு தட்டிச் சேர்த்த பதில்கள். ஆதரவு எண் ஒவ்வொன்றையும் புதிதாகச் சேர்க்க வேண்டும். மேலே போட்ட 20 வாரக் கணக்கில் ஐந்தாறு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள்.

இதே பட்டியல்தான் வாக்குச்சீட்டில் இடம்பிடிக்கும் கையெழுத்து வேலைக்கும் ஆதாரம். நியூயார்க்கில் பிரதிநிதிகள் அவைக்கு 1,250 செல்லும் கையெழுத்துகள், மாசசூசெட்ஸில் 2,000. செனட் என்றால் மாசசூசெட்ஸில் 10,000. நியூயார்க்கில் ஒருவர் ஒரு பதவிக்கு ஒரு வேட்பாளருக்குத்தான் கையெழுத்திடலாம், முதலில் போட்டது மட்டுமே செல்லும். ஆகவே எதிராளியின் ஆட்கள் முதல் வாரமே உங்கள் தெருவில் முந்திக்கொள்வார்கள். சந்தையிலும் ரயில் நிலையத்திலும் நின்று வாங்கும் கையெழுத்தில் பாதி தேறாது: கட்சியில் பதிவில்லாதவர், தொகுதிக்கு வெளியே இருப்பவர், பழைய முகவரி எழுதியவர். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டில் வாங்குவது மெதுவாக நடக்கும், ஆனால் நிற்கும். தேவையைப்போல் மூன்று மடங்கு வாங்குவது வழக்கம். அன்றன்றைய தாளை அன்றிரவே பட்டியலோடு ஒப்பிட்டு, தேறாததை எண்ணிவிடுங்கள். ஏனென்றால் எதிர்த்தரப்பும் அதே பட்டியலை வைத்துக்கொண்டு உங்கள் தாள்களில் வரிவரியாகச் சிவப்புக் கோடு போடும். 1996-ல் சிகாகோவில் மாநில செனட் இடத்துக்கு 757 கையெழுத்து தேவைப்பட்டது. பராக் ஒபாமாவின் ஆட்கள் மற்ற நால்வரின் தாள்களை இப்படிச் சலித்து, பதவியில் இருந்த ஆலிஸ் பாமர் உட்பட எல்லாரையும் வாக்குச்சீட்டிலிருந்து இறக்கினார்கள். ஒபாமா பிரைமரியில் தனியாக நின்று வென்றார்.

மதிப்பெண் கேட்டால், மென்பொருளுக்கு ஐந்துக்கு மூன்றரை. திரை பழைய காலத்து அலுவலகம் மாதிரி இருக்கிறது, ஆனால் செய்ய வேண்டியதைச் செய்கிறது. அனுமதி தரும் முறைக்கு ஐந்துக்கு ஒன்று.

ஆக்ட்புளூ: பெட்டி நல்ல பெட்டி, பணம் அதில் முளைக்காது

2004-ல் மாசசூசெட்ஸில் தொடங்கியது. மாதக் கட்டணம் இல்லை, வரும் பணத்தில் 3.95 சதவீதம் பிடிப்பார்கள். ஒரு லட்சம் டாலர் வந்தால் 96,050 உங்கள் கணக்குக்கு. அட்டை விவரம், வேலை, முகவரி எல்லாவற்றையும் ஏற்கெனவே சேமித்து வைத்திருக்கும் கொடையாளர்கள் ஏராளம். அவர்கள் ஒரே அழுத்தில் கொடுத்துவிடலாம். சட்டப்படி கேட்க வேண்டிய விவரங்களைத் தளமே கேட்டு வாங்கிவிடுவதால் கணக்காளரின் தலைவலி பாதி குறைகிறது. ஒவ்வொரு இணைப்புக்கும் தனிக் குறியீடு வைத்து எந்த மின்னஞ்சல் எவ்வளவு கொண்டுவந்தது என்று பார்க்கும் வசதி அருமை.

பலர் ஏமாறுவது எங்கே என்றால், பக்கம் திறந்தால் கொடையாளர்கள் வருவார்கள் என்ற நம்பிக்கையில். தளம் உங்களுக்கு ஒருவரையும் அனுப்பாது. உங்கள் மின்னஞ்சல் பட்டியல் 800 பேர் என்றால் 800 பேருக்குத்தான் அது உண்டியல். மின்னஞ்சல் நிறுவனங்களிடம் பட்டியல் வாடகைக்கு எடுத்தால் வரவில் பெரும்பங்கு அவர்களுக்கே போய்விடும். ஆணையத் தளத்தில் மொத்த வரவு பெரிதாகத் தெரியும், கையிருப்பு சிறிதாகவே இருக்கும்.

நம் வாசகர்களுக்கு முக்கியமானது: கூட்டாட்சித் தேர்தலில் குடியுரிமை உள்ளவரும் பச்சை அட்டை உள்ளவரும் மட்டுமே கொடுக்கலாம். ஹெச்-1பி, எஃப்-1 விசாவில் இருப்பவர் ஐந்து டாலர்கூடத் தரக்கூடாது. மனைவியின் அட்டையில் கணவன் பெயருக்குக் கொடுப்பதும் வேண்டாத வம்பு. சம்பளம் வாங்காமல் கதவு தட்டலாம், தொலைபேசியில் பேசலாம். செலவு எதற்குச் செய்வது என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் மட்டும் உட்காரக்கூடாது. தமிழ்ச் சங்க ஆட்களைத் திரட்டும்போது இதைத் துண்டுத்தாளில் அச்சடித்துக் கொடுத்துவிடுவது நல்லது.

இந்த மூன்றும் காட்டாதவை

வோட்பில்டர் காட்டுவது போன தேர்தலின் ஊரை. வரப்போகும் ஊர் வேறாக இருக்கலாம். 2020 செப்டம்பரில் மாசசூசெட்ஸ் செனட் பிரைமரியில் பதவியில் இருந்த எட் மார்க்கியை எதிர்த்து ஜோ கென்னடி நின்றார். ஆரம்பக் கருத்துக்கணிப்புகள் கென்னடி பக்கம். பணம், பெயர் இரண்டும் இருந்தன. கொரோனா காலத் தபால் வாக்கினால் 14 லட்சம் பேர் அந்தப் பிரைமரியில் வாக்களித்தார்கள். பழைய பிரைமரி வாக்காளர் என்ற வடிகட்டியே பொருளிழந்தது. மார்க்கி 55-க்கு 45 என்று வென்றார். அந்த மாநிலத்தில் கென்னடி குடும்பத்தார் ஒருவர் தோற்றது அதுவே முதல்முறை. தன் பிரதிநிதிகள் அவை இடத்தையும் விட்டுக்கொடுத்து நின்றிருந்ததால் அதுவும் போயிற்று.

இந்தக் கடைசி விஷயத்துக்குத்தான் எந்த மென்பொருளும் தேவையில்லை, ஒரு நாள்காட்டி போதும். 2000-ல் ஒபாமா, பிரதிநிதிகள் அவை உறுப்பினராக இருந்த பாபி ரஷை எதிர்த்துப் பிரைமரியில் நின்று, 61-க்கு 30 என்று தோற்றார். ஆனால் அவருடைய மாநில செனட் பதவிக்காலம் 2002 வரை இருந்தது. தோற்ற மறுநாள் பழைய நாற்காலிக்குத் திரும்பினார். கென்னடிக்கு அப்படி ஒரு நாற்காலி இல்லை. மாநில மேலவையில் நான்காண்டுப் பதவி இருப்பவர்கள், தங்கள் இடம் தேர்தலுக்கு வராத ஆண்டில் மோதுவது கிட்டத்தட்ட இலவசம்.

இடம் காலியா என்பதும் பாதி விடை. ராஜா கிருஷ்ணமூர்த்தி 2012-ல் இல்லினாய் 8-வது தொகுதிப் பிரைமரியில் டாமி டக்வொர்த்திடம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வாக்கோடு தோற்றார். நிதி திரட்டுவதில் அவர் எப்போதும் சளைத்தவரில்லை. டக்வொர்த் செனட்டுக்குப் போய் இடம் காலியான 2016-ல் அதே தொகுதியில், அதே மனிதர் பிரைமரியை எளிதாக வென்றார். நான்கு ஆண்டு பொறுத்தது அவர் செலவழித்த எந்த டாலரையும்விட அதிகம் சம்பாதித்துக் கொடுத்தது.

தோற்றபின் பில் எவ்வளவு?

பொதுத்தேர்தலுக்கென்று வாங்கிய பணம் முழுவதையும் பிரைமரி முடிந்த 60 நாளுக்குள் கொடுத்தவர்களிடம் திருப்பித் தர வேண்டும், அல்லது அவர்களின் ஒப்புதலோடு வேறு தேர்தலுக்கு மாற்ற வேண்டும். அந்தப் பணத்தை முதல் நாளிலிருந்தே தனி வங்கிக் கணக்கில் போடாதவர்கள் கடைசி வாரத் தபால் செலவில் அதைத் தொட்டுவிட்டுப் பிறகு கையைப் பிசைவார்கள். களத்தில் சேர்த்த ஆதரவு எண்கள் யாருக்குச் சொந்தம் என்பதைப் பட்டியல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே படியுங்கள். உங்கள் தொண்டர்கள் மழையில் நனைந்து சேர்த்தது, அடுத்த முறை உங்கள் எதிராளிக்கே பயன்படும் வகையில் அது எழுதப்பட்டிருக்கலாம்.

சுயேச்சையாக நவம்பரில் நின்றுவிடலாம் என்ற யோசனை பெரும்பாலான மாநிலங்களில் செல்லாது, பிரைமரியில் தோற்றவரைச் சட்டமே தடுக்கிறது. 2006-ல் செனட் பிரைமரியில் நெட் லமாண்டிடம் தோற்ற, பதவியில் இருந்த ஜோ லீபர்மேன் சுயேச்சையாக நின்று வென்றது கனெக்டிகட்டில் அந்தத் தடை இல்லாததால்தான். கடன் மிச்சமிருக்கும்வரை பிரச்சாரக் குழுவை மூடவும் முடியாது. அச்சகத்துக்கு 4,000 டாலர் பாக்கி என்றாலும், அது தீரும்வரை காலாண்டுக்கு ஒருமுறை ஆணையத்துக்கு அறிக்கை போய்க்கொண்டே இருக்க வேண்டும். கணக்காளரின் கட்டணத்தையும் அந்தப் பாக்கியோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.